புரோகிராமரின் கவனத்துக்குக் காவல்: எந்தக் கருவி யாருக்குப் பொருந்தும்?

சென்னையிலும் பெங்களூருவிலும் அலுவலகம் போய்க்கொண்டிருந்தவர்கள் பலர் இப்போது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் சொந்த வீட்டில் உட்கார்ந்து கோட் எழுதுகிறார்கள். அந்தத் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அண்ணே, உட்கார்ந்தா வேலை ஓட மாட்டேங்குது. கோல்ட் டர்க்கி வாங்கவா, ஃப்ரீடம் வாங்கவா? இல்ல, ஒரு டைமரே போதுமா?”

ஆளாளுக்கு ஒரு செயலிப் பட்டியல் அனுப்புகிறார்கள். பட்டியல் நீள நீளக் குழப்பம்தான் கூடுகிறது. அதனால் இங்கே எல்லா வகைக் கருவிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு கொடுத்து பிளாக்கர் (கோல்ட் டர்க்கி, ஃப்ரீடம் போல, கவனம் கலைக்கும் தளங்களை அடைக்கும் மென்பொருள்) வாங்குவது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். அதற்கு முன்னால் செய்யக்கூடியவை எல்லாம் இலவசம். பலருக்கு அவற்றோடே தேவை முடிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, கவனம் எந்த வழியாகப் போகிறது என்பது. வழிகள் நான்கு. நம் கையே ஒரு வழி: டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும், விரல் தானாகப் புது டேப் திறந்து யூடியூப் முகவரியின் முதல் எழுத்தை அடித்திருக்கும். வேலைக்குழு இன்னொரு வழி: ஸ்லாக், டீம்ஸ் போன்ற செய்திச் செயலிகள், அதற்கு மேல் வாட்ஸ்அப் குரூப். மூன்றாவது வீடு. நான்காவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அது வேலையேதான்: மெதுவாக ஓடும் பில்ட் (எழுதிய கோடை ஓடும் நிரலாக மாற்றும் வேலை), என்ன கேட்கிறார்கள் என்றே புரியாத டிக்கெட் (வேலைக் கோரிக்கை), ஒரு ஃபங்ஷனின் அளவுருவைப் பார்க்க பிரௌசருக்குப் போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்புவது. ஒரு வழியை அடைக்கும் கருவி மற்ற மூன்றுக்கும் உதவாது. வாங்கிய செயலி பயன்படவில்லை என்று வருந்துகிறவர்களில் பலருக்குக் கருவியில் குறையில்லை, அடைத்த வழிதான் வேறு.

இரண்டாவது, அதை மீறுவது எவ்வளவு கடினம். நாம் புரோகிராமர்கள். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அதைக் கழற்றவும் தெரியும்.

மூன்றாவது, வேலைக்குத் தேவையானதையும் சேர்த்து அடைக்கிறதா. கணக்கு எழுதுகிறவருக்கு யூடியூப் வேண்டாம், ரெடிட் வேண்டாம். நமக்கு ஒரு லைப்ரரியின் வினோதமான பிழைக்கு விடை ரெடிட்டில் மட்டும்தான் இருக்கும் என்ற நாள் வரும்.

நான்காவது, தரவு எங்கே போகிறது, மடிக்கணினி யாருடையது. ஐந்தாவது செலவு. இதில் விலை ஒரு பங்குதான், அமைத்துப் பராமரிக்கும் நேரம் மறு பங்கு. ஆறாவது நம் ஊருக்கே உரியது: மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் அது கைகொடுக்குமா?

| கருவி | அடைக்கும் வழி | மீறுவது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| லீச்பிளாக் போன்ற பிரௌசர் நீட்சி | கை | எளிது | வேறு பிரௌசரில் வேலை செய்யாது |
| கோல்ட் டர்க்கி, செல்ஃப்கன்ட்ரோல் | கை | மிகக் கடினம் | அவசரத்துக்கும் திறக்காது |
| ஃப்ரீடம் | கை, ஃபோனையும் சேர்த்து | அமைப்பைப் பொறுத்தது | டாலரில் சந்தா |
| டைமர்கள் | தொடங்கத் தயங்குவது | மிக எளிது | ஆழ்ந்த வேலையை நடுவில் வெட்டும் |
| நேரக் கணக்குக் கருவிகள் | எதையும் அடைக்காது, காட்டும் | பொருந்தாது | தரவு வெளியே போகலாம் |
| அறிவிப்பு அமைப்புகள் | வேலைக்குழு | எளிது | குழுவின் சம்மதம் வேண்டும் |
| ஆஃப்லைன் ஆவணங்கள், பில்ட் மணி | வேலையே | பொருந்தாது | ஒருமுறை அமைக்க வேண்டும் |

## பிளாக்கர்கள்

தேர்வுகள் அதிகம் இருப்பது இங்கேதான். மென்மையானதிலிருந்து கடுமையானது வரை வரிசையாகப் பார்க்கலாம்.

லீச்பிளாக் பிரௌசரில் சேர்க்கும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்). இலவசம், திறந்த மூலம், அதாவது அதன் கோடை யாரும் பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் உண்டு. தளங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நேரமும் வரம்பும் கொடுக்கலாம்: காலை 10 முதல் 1 வரை முழு அடைப்பு, மற்ற நேரத்தில் மணிக்கு 10 நிமிடம் என்பது போல. ஒரு தளத்தை அடைத்துவிட்டு, அதில் குறிப்பிட்ட பகுதியை மட்டும் முன்னால் கூட்டல் குறி போட்டு விலக்கியும் வைக்கலாம். ரெடிட் முழுவதும் மூடியிருக்கும், உங்கள் மொழிக்கான ஒரு பகுதி மட்டும் திறந்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது முழு அடைப்பு அல்ல, தாமதப் பக்கம். தளத்தின் முகவரியை அடித்ததும் வெற்றுப் பக்கம் ஒன்று வரும், அதில் எண் குறைந்துகொண்டே போகும். 60 விநாடி வைத்துப் பாருங்கள். 59, 58, 57 என்று அது இறங்கும்போது, எதற்காக இங்கே வந்தோம் என்று மனம் கேட்கும். பாதி எண்ணுவதற்குள் அங்கே டெஸ்ட் முடிந்திருக்கும், டேப்பை மூடிவிட்டுத் திரும்பிவிடலாம். உண்மையிலேயே வேலைக்காக வந்திருந்தால் ஒரு நிமிடம் காத்திருப்பதில் நட்டமும் இல்லை. கை பழக்கத்தில் ஓடுகிறவர்களுக்குப் பூட்டைவிட இந்தத் தாமதம் நன்றாகப் பலிக்கிறது.

குறை வெளிப்படையானது. குரோமில் அடைத்தால் ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருக்கும், ஃபோன் திறந்தே இருக்கும்.

யூடியூப் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதை அடைக்கவே வேண்டாம். அன்ஹுக் என்ற நீட்சி பரிந்துரை வீடியோக்களை மட்டும் மறைத்துவிடும். தேடிய பாடம் வரும், பக்கத்தில் அடுத்த வீடியோக்களின் வரிசை வராது.

கணினியில் தளப் பெயர்களுக்கு முகவரி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், தளத்தின் பெயரை நம் கணினியையே குறிக்கும் 127.0.0.1-க்குத் திருப்பிவிடுவது பழைய வழி. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் நடக்கும், எல்லா பிரௌசருக்கும் பொருந்தும். ஆனால் ஒரு தளத்தின் ஒவ்வொரு துணைப் பெயரையும் தனித்தனியாக எழுத வேண்டும், நேர வரம்பு கிடையாது, நிர்வாகி உரிமையும் வேண்டும். சில வாரம் கழித்து ஏதோ ஒரு தளம் திறக்கவில்லை என்று நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், காரணம் நாமே எழுதிய வரியாக இருக்கும். லினக்ஸ்காரர்களுக்கு இதுவும் லீச்பிளாக்கும் சேர்ந்தால் போதும்.

கோல்ட் டர்க்கி விண்டோஸுக்கும் மேக்குக்கும் உண்டு, லினக்ஸுக்குக் கிடையாது. தளங்களோடு செயலிகளையும் அடைக்கும். பூட்டும் விதங்கள் பல: குறித்த நேரம் வரை திறக்கவே முடியாதபடி பூட்டலாம், நீளமான தாறுமாறான எழுத்துக் கோவையைப் பிழையில்லாமல் அடித்தால்தான் திறக்கும்படியும் வைக்கலாம். கட்டணப் பதிப்புக்கு ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும். மேக் மட்டும் வைத்திருப்பவர்கள் செல்ஃப்கன்ட்ரோலை முதலில் பாருங்கள். இலவசம், திறந்த மூலம். தொடங்கிவிட்டால் செயலியையே அழித்தாலும், கணினியை மறுபடி இயக்கினாலும் குறித்த நேரம் முடியும்வரை விடாது.

இவற்றின் விலை அவசரத்தில்தான் தெரியும். இரவு ஒன்பதரைக்கு புரொடக்ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் அமைப்பில்) பிழை, அமெரிக்காவில் வாடிக்கையாளர் காத்திருக்கிறார், விடை இருக்கும் பக்கம் பதினொரு மணிவரை பூட்டியிருக்கிறது என்றால் அந்த ஒரு இரவிலேயே கருவி கழற்றி எறியப்படும். ஆன்-கால் பொறுப்பு (எந்நேரம் அழைத்தாலும் பிழையைக் கவனிக்கும் முறை) உள்ள வாரத்தில் கடும் பூட்டு வேண்டாம்.

கால அட்டவணை வைத்துப் பூட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நியூயார்க் நேரம் காலை 9.30-க்கு நடக்கும் கூட்டம் நமக்குக் கோடையில் மாலை 7 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அது 8 மணியாகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை அப்படியே இருக்கும். பிளாக்கரில் எழுதிய நேரம் தானாக மாறாது. வருடத்துக்கு இருமுறை நாம்தான் மாற்ற வேண்டும்.

ஃப்ரீடத்தின் பலம் கணினி, ஃபோன் இரண்டையும் ஒரே நேரத்தில் அடைப்பது. கணினியில் மூடியதும் கை ஃபோனுக்குத் தாவுகிறது என்றால் இதற்கு ஈடாக மற்றவை இல்லை. ஆனால் சந்தா டாலரில். அட்டை நிறுவனம் வெளிநாட்டுச் செலவுக்குத் தனிக் கட்டணம் பிடிக்கும். 2021 அக்டோபரிலிருந்து தானியங்கிப் பிடித்தங்களுக்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த அனுமதி விதிகளால் வெளிநாட்டுச் சந்தா புதுப்பிக்கும் நாளில் தடைபடுவதும் உண்டு. வாங்குவதற்கு முன் கம்பெனி விபிஎன்னோடு (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்போடு) ஒத்துப்போகிறதா என்று இலவசச் சோதனைக் காலத்திலேயே பார்த்துவிடுங்கள்.

## டைமர்கள்

பொமொடோரோ முறையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து உருவாக்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. ஃபாரஸ்ட் செயலி இதில் ஒரு மரத்தை நட்டு வைக்கிறது, நடுவில் வேறு செயலிக்குப் போனால் மரம் பட்டுப்போகும்.

தொடங்கவே மனம் வராத வேலைக்கு இது நல்ல மருந்து: பழைய கோடுக்கு டெஸ்ட் எழுதுவது, ஆவணம் எழுதுவது, குவிந்த டிக்கெட்டுகளைப் பிரிப்பது. ஆனால் ஆழமான பிழைதிருத்தத்துக்கு 25 நிமிடம் பத்தாது. ஏழெட்டு மாறிகளின் நிலை மனசில் நிற்கும்போது மணி அடித்தால் எல்லாம் கலைந்துவிடும். 50 நிமிடம், 10 நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது அத்தகைய வேலைக்கு டைமரே வேண்டாம். காசு கொடுத்து டைமர் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

## நேரக் கணக்குக் கருவிகள்

இவை எதையும் அடைப்பதில்லை. எந்தச் செயலியில், எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று பதிவு செய்யும். கொண்டுவிற்கப் போன (கடல் கடந்து வணிகம் செய்யப் போன) இடத்திலும் ஐந்தொகை (இருப்புக் கணக்கு) பார்க்காமல் அடுத்த முதலைப் போடாத ஊர் இது. நேரத்துக்கும் அந்த ஐந்தொகையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு எந்தக் கருவியையும் வாங்குங்கள் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

மூன்று தேர்வுகள். ஆக்டிவிட்டிவாட்ச் இலவசம், திறந்த மூலம், லினக்ஸிலும் ஓடும். பதிவுகள் உங்கள் கணினியிலேயே இருக்கும், நெட் இல்லாதபோதும் எழுதிக்கொண்டே போகும். ரெஸ்க்யூடைம் சந்தாச் சேவை. அறிக்கைகள் அழகாக வரும், தரவு அவர்கள் சர்வரில் இருக்கும். வேகாடைம் எடிட்டருக்குள் நீட்சியாக உட்கார்ந்து, எந்த புராஜெக்டில், எந்த மொழியில் எவ்வளவு நேரம் என்று சொல்லும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விசைப்பலகையையும் மவுஸையும் தொடாமல் 3 நிமிடம் போனால் ஆக்டிவிட்டிவாட்ச் உங்களை இடத்தில் இல்லை என்று எழுதிக்கொள்ளும். வேகாடைம் வழக்கமான அமைப்பில் ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையே 15 நிமிடம்வரை வேலையாகவே எண்ணும். ஒரே நாளை இரண்டிலும் பதிந்தால் மொத்தம் வேறு வேறாக வரும். காகிதத்தில் படம் வரைந்து யோசித்த நேரம் ஒன்றில் காணாமல் போகும், அடுப்படிக்குப் போய் டீ குடித்த நேரம் இன்னொன்றில் வேலையாகச் சேரும். ஆகவே மொத்த மணி நேரத்தை நம்ப வேண்டாம். நாளில் இடையூறில்லாமல் எடிட்டரிலேயே நின்ற மிக நீண்ட துண்டு எவ்வளவு, அது எதனால் அறுந்தது என்ற இரண்டை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்லாக்கில் அறுகிறது என்றால் பிளாக்கர் வாங்கி என்ன பயன்?

தரவு விஷயத்தில் விளையாடக் கூடாது. ஜன்னல் தலைப்பில் வாடிக்கையாளர் பெயர், கோப்புப் பெயர், டிக்கெட் எண் எல்லாம் இருக்கும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அதை வெளிச் சர்வருக்கு அனுப்பும் கருவியை நிறுவுவது ஆபத்து. வேகாடைமில் கோப்புப் பெயர்களை மறைக்க அமைப்பு உண்டு, முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். அறிக்கையை மேலாளருக்குக் காட்டுவதும் வேண்டாம். உங்களைத் திருத்திக்கொள்ள எடுத்த கணக்கு, உங்களை அளக்கும் கணக்காகிவிடும்.

## அறிவிப்புகள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவர்களை இடையிடையே குறுக்கிட்டுப் பார்த்தார்கள். குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை இன்னும் வேகமாக முடித்தார்கள், தரமும் குறையவில்லை. ஆனால் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் நேர நெருக்கடியும் கூடியிருந்தன. மாலையில் வேலை முடிந்தும் தலை கனப்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். வேலை நடக்கிறதே என்று இந்த வழியைத் திறந்து வைக்கக் கூடாது.

இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை, இருப்பதையே அமைத்தால் போதும். ஸ்லாக்கில் அறிவிப்பு வரும் நேரத்தை அட்டவணையாகக் கொடுக்கலாம். அவசரமென்றால் அனுப்புகிறவர் அதை மீறி அறிவிக்கவும் வழி இருக்கிறது, அதனால் பயம் வேண்டாம். டீம்ஸில் அவசரம் என்று குறித்து அனுப்பிய செய்தி 20 நிமிடத்துக்கு 2 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்கும். எதற்கெல்லாம் அந்தக் குறியைப் போடலாம் என்று குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சுதான் இந்த வகைக்கு ஆகும் செலவு, சிலருக்கு அது பணத்தைவிடக் கடினம். “காலை பத்து முதல் பன்னிரண்டு வரை செய்தி பார்க்க மாட்டேன், அவசரமென்றால் ஃபோன் செய்யுங்கள்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் பெரும்பாலான குழுக்கள் ஏற்றுக்கொள்ளும்.

ஃபோனை வேறு அறையில் வைத்துவிடு என்பது எளிய ஆலோசனை. நமக்கு அது நடக்காது. விபிஎன் உள்நுழைவுக்கு எண் ஃபோனில்தான் வரும். நடு வேலையில் முகப்பிலிருந்து ஆச்சி குரல் கொடுப்பார்கள்: “தம்பி, சிலிண்டர் வந்திருக்கு, ஏதோ நம்பர் கேக்குறாக!” அந்த எண்ணும் உங்கள் ஃபோனுக்குத்தான் வந்திருக்கும். ஆகவே ஃபோன் பக்கத்தில் இருக்கட்டும், தொந்தரவு செய்யாதே அமைப்பில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டில் நட்சத்திரம் போட்டவர்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். அதே ஆள் 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் ஒலிக்கும்படியும் வைக்கலாம். ஐஃபோனில் அந்த இடைவெளி 3 நிமிடம். வீட்டில் பெரியவர்களிடம் “அவசரம்னா ரெண்டு தடவை போடுங்க” என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

வீட்டு ஆட்கள் நேரில் வந்து கூப்பிடுவதற்குக் கருவி இல்லை, இருக்கவும் வேண்டாம். அவர்களோடு இருக்கத்தானே ஊருக்கு வந்தோம். எழுந்து போவதற்கு முன் ஒரு வரி எழுதிவிட்டுப் போவதுதான் வழி: எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்ய இருந்தேன். சோஃபி லெராயும் தெரசா கிளாமும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கீட்டுக்குப் போகுமுன் இப்படி ஒரு குறிப்பு எழுதியவர்களின் மனம் முந்தைய வேலையிலேயே தங்கிவிடாமல் அடுத்ததில் நன்றாகப் பதிந்தது. எடிட்டரிலேயே ஒரு கமென்ட் வரி போதும். திரும்பி வந்ததும் முதலில் அதை வாசிக்கலாம்.

## ஆஃப்லைன் ஆவணங்களும் பில்ட் மணியும்

எந்தப் பட்டியலிலும் இவை வருவதில்லை, புரோகிராமருக்கு என்னவோ இவையே அதிகம் உதவுகின்றன.

நாம் பிரௌசருக்குப் போவதில் பெரும்பங்கு ஆவணம் பார்க்கத்தான். போன வேலை ஒரு நிமிடம், திரும்பும் வழியில் வேறு டேப்புகள். மொழிகள், லைப்ரரிகளின் ஆவணங்களைக் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தப் பயணமே இல்லை. விண்டோஸ், லினக்ஸுக்கு ஜீல் இலவசம். மேக்குக்கு டாஷ், அது கட்டணம். பிரௌசருக்குள்ளேயே, நெட் இல்லாமலும் பார்க்கும்படி வைத்துக்கொள்ள டெவ்டாக்ஸ் இருக்கிறது, இலவசம். தேவையான இரண்டு மூன்று தொகுப்புகளை மட்டும் இறக்குங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. முகப்பில் வைத்த ரவுட்டரின் அலை, அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு ஒழுங்காக வராது. ரிப்பீட்டர் வாங்க அலைகிறோம். ஆவணங்கள் கையில் இருந்தால், சிக்னல் வராத அந்த அறையையே காலை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கோட் எழுத, லோக்கலில் ஓட்டிப் பார்க்க, கமிட் செய்ய (மாற்றத்தைப் பதிந்து வைக்க) நெட் வேண்டாம். மேலே ஏற்றும்போது எழுந்து முகப்புக்கு வந்தால் போதும். கடும் பிளாக்கர் செய்யும் வேலையைச் சுண்ணாம்புச் சுவர் இலவசமாகச் செய்கிறது. கரண்ட் போன நாளில், பேட்டரி தாங்கும்வரை வேலையும் நிற்காது.

அடுத்தது காத்திருப்பு. கை தானாக ஓடும் கணத்தைக் கூர்ந்து பாருங்கள்: பெரும்பாலும் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து விநாடி என்றால் காத்திருப்போம், அரை நிமிடத்தைத் தாண்டினால் கை நகரும். முடிந்தது தெரியாததால் முடிந்த பிறகும் திரும்ப மாட்டோம். ஆகவே கட்டளையின் முடிவில் ஒரு ஒலியோ அறிவிப்போ வரும்படி சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் நோட்டிஃபை-சென்ட், மேக்கில் சே கட்டளை ஏற்கெனவே இருக்கின்றன. முழு டெஸ்ட்டையும் ஓட்டாமல் மாற்றிய கோப்புக்கான டெஸ்ட்டை மட்டும் ஓட்டும் வாட்ச் முறை உங்கள் கருவியில் இருந்தால் அதைப் போடுங்கள். பில்டை வேகப்படுத்த ஒரு மதியம் செலவழிப்பது, பிளாக்கரை அமைக்க ஒரு மதியம் செலவழிப்பதைவிட மேல். முன்னது முழுக் குழுவுக்கும் பயன்படும்.

எடிட்டரின் ஜென் முறையைப் பற்றி ஒரு வரி: விஎஸ் கோடில் கன்ட்ரோல்-கே அழுத்திப் பிறகு இசட் அழுத்தினால் கோட் மட்டும் திரை முழுக்க நிற்கும். இலவசம், நன்று, ஆனால் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

## ஏஐ உதவியாளர்கள்

“இதெல்லாம் எதுக்கு அண்ணே, ஏஐ எழுதிக் கொடுத்துடுதே” என்பவர்களும் உண்டு. 2025-இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, தங்களுக்கு நன்கு பழகிய பெரிய திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்யும் 16 அனுபவசாலிகளை 246 வேலைகளில் சோதித்தது. ஏஐ பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். அது அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பற்றியது. புதிய மொழியில் வேலை செய்பவருக்கும் புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனாலும் வேகமாக இருப்பதாகத் தோன்றுவதை அளவாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதும்.

கவனத்தின் பக்கம் பார்த்தால் ஏஐ புதிய காத்திருப்பு ஒன்றைக் கொண்டுவருகிறது. கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்கும் அந்த நிமிடமும் பில்ட் ஓடும் நிமிடமும் ஒரே ஓட்டைதான். மேலே சொன்ன மணி இதற்கும் பொருந்தும்.

## யார் எதை எடுக்கலாம்

எங்கே போகிறது என்றே தெரியாதவர்கள் ஆக்டிவிட்டிவாட்சை இரண்டு வாரம் ஓடவிடுங்கள், அதுவரை வேறு எதையும் நிறுவ வேண்டாம்.

கை ஓடுகிறது, கணினியில் மட்டும்தான் என்றால் லீச்பிளாக்கின் தாமதப் பக்கம். அதையும் கழற்றிவிட்டுப் போகிறேன் என்பவருக்கு மேக்கில் செல்ஃப்கன்ட்ரோல், விண்டோஸில் கோல்ட் டர்க்கி. ஃபோனுக்குத் தாவுகிறவர் முதலில் ஃபோனிலேயே இருக்கும் ஃபோகஸ் அமைப்பைப் பாருங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் மட்டும் ஃப்ரீடம்.

ஒரே ஆள் மூன்று வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஃப்ரீலான்சராக இருந்தால் வேகாடைமுக்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு. பில் போடவும் அது உதவும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்து பெரிய கோட்பேஸில் திணறுகிறவர்களுக்கு எந்த பிளாக்கரையும் நான் சொல்ல மாட்டேன். அவர்களின் கை ஓடுவது பெரும்பாலும் டிக்கெட் புரியாததால். மூத்தவரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு, வேலையைச் சிறு துண்டுகளாக எழுதிக்கொண்டு, ஜீலில் ஆவணத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் ஒலிபெருக்கி பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மென்பொருள் எதுவும் ஆகாது. இரைச்சல் குறைக்கும் ஹெட்ஃபோன் வாங்குங்கள், மீட்டிங்குகளை முன்கூட்டியே நகர்த்துங்கள், முடிந்தால் பால்குடத்தன்று லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்.

கம்பெனி மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் எதையும் நிறுவுமுன் ஐடி பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: பிரௌசர் நீட்சிக்கு அனுமதி உண்டா, செயல்பாட்டைப் பதிவு செய்யும் மென்பொருள் கணினிக்குள்ளேயே தரவை வைத்திருந்தால் ஏற்பார்களா, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொடலாமா. பதில் வரும்வரை ஸ்லாக் அட்டவணை, ஃபோனின் தொந்தரவு செய்யாதே, டெர்மினல் மணி, எழுந்து போகுமுன் ஒரு கமென்ட் வரி ஆகிய நான்கையும் இன்றைக்கே தொடங்கிவிடலாம். இவற்றுக்குப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.